இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பேரி ஒயிட்
அமெரிக்க சோல் இசைப் பாடகர் பேரி ஒயிட்டின் 'கான்ட் கெட் எனஃப்' (1974) ஆல்பம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். சாப்பிட்டு முடித்து, இருவர் பேச்சும் தானாக மெதுவாகும் வேளைக்குப் பொருத்தம். ஷஃபிளை அணைத்துவிடுங்கள்: முதலிலும் கடைசியிலும் வருவது 'மெல்லோ மூட்' என்ற குட்டி இசைத்துண்டின் இரு பகுதிகள்; வரிசை கலைந்தால் நடுவில் அரைகுறையாக வந்து விழும். மூன்றாவது பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டும். தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள், ஆல்பத்தின் உயிரே அதில்தான். போன் ஸ்பீக்கரில் ஒயிட்டின் அடிக்குரலும் பேஸ் கிட்டாரும் காணாமல்போய் வயலின்கள் மட்டும் கீச்சென்று மிஞ்சும். தனி ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி வையுங்கள்; மூலையில் வைத்தால் பேஸ் முழங்கி, பாடுகிற சொற்களை விழுங்கிவிடும். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு ஒலி போதும்.