பச்சை நிறம் வந்தால் போதுமா? மேக்குலா ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதாவதால் வரும் மேக்குலா (விழித்திரையின் மையப்பகுதி) சிதைவை ஓசிடி ஸ்கேனில் (விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் முறை) கண்காணிக்கும்போது, பலர் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே விழித்திரையின் தடிமன் மைக்ரான் கணக்கில் இருக்கும். பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம்; பச்சை என்றால் தடிமன் இயல்பு என்று பொருள். அந்த எண், நடுவிலுள்ள 1 மி.மீ. வட்டத்தின் சராசரி மட்டுமே. வட்டத்துக்கு வெளியே நீர் கோத்திருந்தால் அதில் தெரியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: ஏற்கெனவே மெலிந்துபோன விழித்திரையில் புதிதாக நீர் சேர்ந்தால், மெலிவும் வீக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பச்சையே வரும். நீர்க்கசிவை நிறுத்தக் கண்ணில் போட வேண்டிய ஊசி இப்படித்தான் தள்ளிப்போகிறது.

ஆகவே விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் வெட்டுப்படங்கள் அத்தனையையும் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும். அவை நெருக்கமாகவும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சுமார் 6 மி.மீ. சதுரத்தில் 25 கோடுகள் (ஒரு கோட்டுக்கு ஒரு வெட்டுப்படம்) என்றால் இடைவெளி ஏறக்குறைய 240 மைக்ரான். சின்ன நீர்ப்பை அதற்குள் ஒளிந்துகொள்ளும். 49 கோடுகள் எடுத்தால் இடைவெளி பாதியாகும். அடுத்தடுத்த தடவை, கருவியின் ஃபாலோ-அப் வசதியைக் கொண்டு, பழைய படம் எடுத்த அதே இடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். இடம் மாறினால் நீர் குறைந்ததா, கோடு நகர்ந்ததா என்று சொல்லவே முடியாது.

கருவி தானாக வரையும் எல்லைக் கோடுகளையும் சரிபாருங்கள். ட்ரூசன் (விழித்திரைக்கடியில் சேரும் படிவு) மேடுகள் மீதும், விழித்திரையின் அடியிலுள்ள நிறமிப் படலம் எழும்பிய இடத்திலும் கோடு தடம் மாறி ஓடும். தடிமன் கணக்கே தப்பாகிவிடும். கருவிக்குக் கருவி அளவும் வேறு. சிர்ரஸ் நிறமிப் படலம் வரை அளக்கிறது, ஸ்பெக்ட்ராலிஸ் அதற்கடியிலுள்ள புரூக் சவ்வு வரை. மருத்துவமனை மாறும்போது இரண்டு எண்களையும் ஒப்பிட்டு பயந்துவிடாதீர்கள். பழைய வெட்டுப்படங்களையே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் நீர்க்கோவையும் அல்ல. நோய் விட்டுச்சென்ற தழும்பின் மேல், வெளிர் விளிம்போடு வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் சிதைந்த ஒளியுணர் செல்கள் சுருண்ட குழாய். அதற்கு ஊசி பலன் தராது.

ஓசிடி ஒன்றே போதும் என்பதும் தவறு. விழித்திரைக்கடியில் கசியும் ரத்தம் விழித்திரையின் வண்ணப் புகைப்படத்தில் பளிச்சென்று தெரியும். ஓசிடியில் வேறு படிவுகளோடு குழம்பிவிடும். நீர் கோக்காத உலர் வகையில் செல்கள் அழிந்த பரப்பை ஆட்டோஃப்ளோரசன்ஸ் படத்தில் (செல்கள் தாமே உமிழும் ஒளியைப் பதிவது; அழிந்த இடம் கறுப்பாகத் தெரியும்) அளக்கிறார்கள். நீல ஒளியில் எடுத்தால் மேக்குலாவின் மஞ்சள் நிறமி ஒளியை விழுங்கி, நல்ல கண்ணிலும் நடுப்பகுதி கறுத்தே இருக்கும். அதை அழிவு என்று எண்ணிவிடாமல் அகச்சிவப்புப் படத்தையும் ஓசிடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்புரையும் உலர்ந்த கண்ணும் படத்தை மங்கலாக்கும். சிர்ரஸில் படத்தின் தரத்தைக் காட்டும் சிக்னல் மதிப்பு 10-க்கு 6-க்குக் கீழே இருந்தால், கண்ணைச் சிமிட்டச் சொல்லி, தேவையானால் கண்ணீர்ச் சொட்டு விட்டு, மறுபடி எடுங்கள்.

இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே வீட்டில் ஆம்ஸ்லர் கட்டப்படம் (நடுவில் புள்ளி வைத்த கட்டத்தாள்) பார்ப்பவர்கள், இரு கண்ணையும் திறந்து வைத்தால் பயனில்லை. நல்ல கண் குறையை மறைத்துவிடும். வாசிப்புக் கண்ணாடி போட்டு, சுமார் 30 செ.மீ. தூரத்தில், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுப்புள்ளியைப் பாருங்கள். கோடு புதிதாக வளைந்தாலோ விட்டுப்போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.