ஸ்கேன் படங்களைக் கொண்டு உடற்கூறியல்: முதலாண்டு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.டி. ஸ்கேன் படத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமலே உறுப்புகளைச் சுட்டிக்காட்டத் தொடங்குவதுதான் வகுப்பில் அடிக்கடி நேரும் தவறு. மல்லாந்து படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று தலைமாட்டை நோக்குவதுபோல் குறுக்குவெட்டுப் படம் அமைவதால், வலப்புறமுள்ள கல்லீரல் திரையின் இடப்பக்கம் தெரியும். நாங்குநேரியிலும் சங்கரன்கோவிலிலும் தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு இதைத் தமிழிலும் ஒருமுறை சொல்லி, உடலை முன்-பின்னாகப் பிரிக்கும் கொரோனல், இட-வலமாகப் பிரிக்கும் சஜிட்டல் தளங்களை அவரவர் உடம்பிலேயே கையால் காட்டச் சொல்வது ஆசிரியரின் கடமை என்றே கருதுகிறேன்.

அதைவிடப் பெரிய தவறு, அம்புக்குறியிட்ட ஒற்றைப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்துப் பாடத்தை முடித்துவிடுவது. முதுகின் கீழ்ப்பகுதியிலுள்ள லும்பார் முள்ளெலும்புகளில் முதலாவதன் மட்டத்தை எடுத்துக்கொள்வோம். மார்பெலும்பின் மேற்குழிக்கும் அடிவயிற்றின் கீழே தட்டுப்படும் இடுப்பெலும்பு இணைப்புக்கும் நடுவில் மாணவர் விரலை வைத்துப் பார்க்கட்டும். படுத்திருப்பவரிடம் ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான் கணையத்தின் கழுத்தும், சிறுநீரகங்களுக்குள் இரத்தக்குழாய்கள் நுழையும் வாயிலும், குடலுக்குச் செல்லும் மேல் மெசென்டரிக் தமனி பெருந்தமனியிலிருந்து கிளைக்கும் இடமும் உள்ளன. உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் மேசையிலும் அதே மட்டத்தைப் பார்த்துவிட்டு, கணினியில் படங்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி நகர்த்தினால், ஒரே வட்டமாக வந்துகொண்டிருந்த பெருந்தமனி நான்காம் லும்பார் மட்டத்தையொட்டி இரண்டு வட்டங்களாவதை மாணவர் தாமே காண்பார். ஆசிரியர் முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடக் கூடாது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் எலும்பு என்ற எண்ணத்தையும் வளரவிடக் கூடாது. சி.டி.யில் ஒரு பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 ஹவுன்ஸ்ஃபீல்டு என அளவு உண்டு, எம்.ஆர்.ஐ.யிலோ கெட்டியான எலும்பு கறுப்பாகவும் கொழுப்பு பெரும்பாலும் வெளுப்பாகவும் தெரியும். இயல்பான படங்கள் கண்ணுக்குப் பழகுமுன் கட்டிகளையும் கற்களையும் காட்டுவதும் வேண்டாம்.

வார்டிலிருந்து எடுத்துவரும் படத்தில் நோயாளியின் பெயரும் எண்ணும் இருந்தால் முதலில் அவற்றை நீக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவியை விருப்பம்போல் வகுப்பறைக்குக் கொண்டுவரவும் முடியாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவிக்கும் அதை வைத்திருக்கும் இடத்துக்கும் பதிவு தேவை என்பதால், ரேடியாலஜி துறையுடன் முன்கூட்டியே பேசி மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதே முறை.