மரவள்ளி மாப்பொருளும் பிவிஏயும் பிரியாத தாள்: நாற்றுப் பைக்கு ஒரு செய்முறை

மிளகாய் நாற்றுக்குக் கறுப்புப் பொலித்தீன் பை பாவித்துப் பாவித்து, எங்கள் தோட்டத்து மண்ணில் எங்கே கொத்தினாலும் பொலித்தீன் துண்டுதான் வருகிறது. அதைப் பொறுக்க முடியாமல்தான் மண்ணில் உக்கும் தாளில் பை செய்யும் இந்த வேலையில் இறங்கினேன்.

மாப்பொருளும் கிளிசரினும் மட்டும் சேர்த்த தாள் தண்ணீர் பட்டதும் தளர்ந்துவிடும். பலத்துக்குப் பொலிவைனைல் அற்ககோல், அதாவது பிவிஏ என்ற, தண்ணீரில் கரையும் செயற்கைப் பொருளைச் சேர்க்கிறோம். இரண்டிலும் ஐதரொட்சில் (OH) கூட்டங்கள் இருந்தாலும், உலரும்போது ஒவ்வொன்றும் தன் இனத்தோடு சேர்ந்து திட்டுத் திட்டாக ஒதுங்கப் பார்க்கும். தாள் கிழிவது அந்தத் திட்டுகளின் ஓரத்தில்தான். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைக்கச் சித்திரிக் அமிலம் வேண்டும். அதன் ஒரு மூலக்கூறில் மூன்று காபொட்சில் (COOH) அமிலக் கூட்டங்கள் உண்டு. ஒன்று மாப்பொருளோடும் இன்னொன்று பிவிஏயோடும் எசுத்தராக, அதாவது அமிலக் கூட்டமும் ஐதரொட்சிலும் சேரும் பிணைப்பாக, பிணைந்தால் நடுவில் பாலம் விழுந்துவிடும்.

அளவு: மாப்பொருள் 6 கிராம், பிவிஏ 4 கிராம், கிளிசரின் 3 கிராம், சித்திரிக் அமிலம் அரைக் கிராம், தண்ணீர் 150 மில்லிலீற்றர். கரண்டிக் கணக்கு வேண்டாம், 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம்.

முதலில் பிவிஏ. 60 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரில் தூவிக் கலக்கி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் கரைந்து கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு கிண்டினாலும் உடையாது. ஊறியதும் பாத்திரத்தைக் கொதிதண்ணீருக்குள் வைத்து, 85 முதல் 90 பாகை வரை சூடாக்கித் தெளியும்வரை கிண்டுங்கள். முக்கால் மணித்தியாலமாவது எடுக்கும். 88 சதவீத நீர்ப்பகுப்பு வகையை வாங்குங்கள் (பிவிஏ செய்யும்போது அசற்றேற்றுக் கூட்டங்களில் எத்தனை சதவீதம் ஐதரொட்சிலாக மாறியது என்ற கணக்கு அது). 98 சதவீத வகை தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் வீட்டு அடுப்பில் கரைப்பது பெரும்பாடு.

மாப்பொருளை மிச்சத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும்வரை 80 பாகையில் காய்ச்சுங்கள். இரண்டும் சூடாக இருக்கும்போதே ஒன்றாக்கி, கிளிசரினும் அமிலமும் சேர்த்து, அதே சூட்டில் அரை மணித்தியாலம் மெதுவாகக் கிண்டுங்கள். ஒன்று ஆறிவிட்டால் கலவை திரளும். பிளெண்டரில் அடிக்க வேண்டாம், குமிழ் நிறைந்துவிடும். எனக்கு மர அகப்பைதான் சரி.

என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது தண்ணீர். தாள் ஒவ்வொரு முறையும் வெண்மூட்டமாக வந்தது. பிவிஏ பிரிகிறது என்று நினைத்து அமிலத்தைக் கூட்டினேன், சூட்டைக் கூட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில்தான் கேத்திலில் படியும் வெள்ளைப் படிவு நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நிலத்துக்கடியில் சுண்ணக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், அதாவது கல்சிய உப்புகள் நிறையக் கரைந்த தண்ணீர். அதிலுள்ள இருகாபனேற்று அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கல்சியமும் சித்திரேற்றாகப் படியக்கூடும். பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாறிய அன்றே தாள் தெளிந்து வந்தது. மாரியில் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது, கூரையில் ஓடாமல் நேரே பாத்திரத்தில் விழுந்ததாக இருந்தால்.

கண்ணாடித் தட்டில் ஊற்றி நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். சோளகக் காற்றில் ஒரே நாளில் காய்ந்து ஓரம் சுருளும். மேலே துணி போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஓவனில் 120 பாகையில் 15 நிமிடம். இதை விட்டால் பாலம் சரியாக விழாது, அமிலம் வெறுமனே தாளை இளக்கிக்கொண்டிருக்கும். இளமஞ்சள் நிறம் வந்தால் நல்லது. பழுப்பாகி நொறுங்கினால் அமிலம் மாப்பொருளையே வெட்டிவிட்டது. அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். ஒரு துண்டை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஊறினாலும் கரையாமல் முழுதாக வெளியே எடுக்க முடிந்தால் பை செய்யலாம்.

பின்சேர்க்கை: பிவிஏக்குப் பதிலாக மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் போட்டதாக ஒரு தம்பி எழுதியிருந்தார். அது பெரும்பாலும் பொலிவைனைல் அசற்றேற்று. பெயர்தான் கிட்ட, பொருள் வேறு, மாப்பொருளோடு இப்படிச் சேராது. ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) போடலாமா என்று கேட்ட அக்காவுக்கு: அதில் நார் இருக்கிறது, அப்படியே போட்டால் தாள் சொரசொரக்கும். தண்ணீரில் கரைத்துத் துணியில் வடித்து, அடியில் படிவதை மட்டும் எடுங்கள். மரவள்ளிக்கும் இதே முறைதான்.

பை மண்ணில் சீக்கிரம் உக்குமா என்றும் கேட்டிருந்தார்கள். மாப்பொருள் மண்ணில் சீக்கிரம் உக்கும், பிவிஏ மெதுவாகத்தான் உக்கும். அதனால்தான் 6க்கு 4 என்று நிற்கிறேன். பலம் போதவில்லையென்றால் பிவிஏயைக் கூட்டாமல் தாளைத் தடிப்பாக ஊற்றுங்கள்.