டோரி பைன்ஸ்ல ஓடப் போறீங்களா, முதல்ல டைட் டேபிள் (கடல் தண்ணி ஏறி இறங்குற நேர அட்டவணை) பாருங்க

சான் டியாகோ டோரி பைன்ஸ் பார்க்ல ஓடுறவங்க, லோ டைட் (கடல் தண்ணி நல்லா உள்வாங்கியிருக்குற) டைமுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கீழ பீச் பார்க்கிங்ல இருந்து கிளம்புங்க. கால் ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே ரோட்டு வழியா சுமார் 300 அடி மேடு ஏறிட்டு, பீச் டிரெயில்ல இறங்கி, மணல் வழியாவே காருக்கு திரும்பிடலாம், வந்த வழியே மறுபடி போக வேண்டாம். தண்ணி உள்வாங்குன ஈர மணல் கெட்டியா இருக்கும், ஷூ புதையாது, காய்ஞ்ச மணல்ல ஓடுனா கெண்டைக்கால் கழண்டுரும். கலிஃபோர்னியால கோடையில நல்ல லோ டைட் விடியக்காலையில வரும், குளிர்காலத்துல மதியத்துக்கு மேல, அதனால வின்டர்ல சீக்கிரம் எந்திரிச்சு போய் பிரயோஜனம் இல்ல.

ஹை டைட்ல இந்த ரூட் வேணவே வேணாம், அலை நேரா பாறைச்சுவர்ல வந்து அடிக்கும், ஒதுங்க இடமே இருக்காது. மழை பேஞ்ச அடுத்த நாட்கள்லயும் விட்டுருங்க, அந்த மணற்பாறை பொலபொலன்னு சரியும் (மத்த நாள்லயும் சுவரை ஒட்டி ஓடாதீங்க). வின்டர் புயல் மணலை அரிச்சிட்டுப் போய் வெறும் கூழாங்கல்லா கிடந்தா, மேல இருக்குற டிரெயில்லயே சுத்திட்டு ரோடு வழியா இறங்கிடுங்க.