பீல் குடும்பத்து உருவப்படங்கள்: பார்ப்பவரும் எழுதுபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக உருவப்படம் வரைந்த குடும்பங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், முதலில் வருவது பிலடெல்பியாவின் பீல் குடும்பம்தான். 1741இல் மேரிலாந்தில் பிறந்த சார்லஸ் வில்சன் பீலில் தொடங்கி, 1902இல் மறைந்த அவருடைய பேத்தி மேரி ஜேன் பீல் வரை மூன்று தலைமுறையினர் தூரிகை பிடித்தார்கள். சார்லஸ் இறந்ததும் அந்தப் பேத்தி பிறந்ததும் ஒரே ஆண்டில், 1827இல். இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது குறைவு. எழுதும்போதும் சில தவறுகள் திரும்பத் திரும்ப வந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை, பல கைகள் சேர்ந்து செய்த வேலையை ஒரே பெயருக்குள் அடக்கிவிடுவதால் வருபவை.

முதல் தவறு, இந்தக் கலை இவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது என்று எழுதுவது. சார்லஸின் தந்தை பள்ளி ஆசிரியர். அவர் இறந்த பின் தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சார்லஸ் சிறுவயதிலேயே அனாபொலிஸ் நகரில் குதிரைச் சேணம் செய்பவரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டவர். ஓவியத்தில் ஆர்வம் பிறந்தபோது, தாம் செய்த சேணம் ஒன்றைக் கொடுத்து ஜான் ஹெசீலியஸ் என்ற ஓவியரிடம் பாடம் கேட்டார். அந்த ஹெசீலியஸும் ஓர் ஓவியரின் மகன் என்பதைக் கவனித்தால், அந்தக் காலத்தில் தொழில் எப்படிக் கைமாறியது என்பது விளங்கும். பிறகு மேரிலாந்துச் செல்வந்தர்கள் சிலர் பொருளுதவி செய்ய, 1767இல் லண்டனுக்குச் சென்று, அங்கே குடியேறியிருந்த அமெரிக்கரான பெஞ்சமின் வெஸ்டிடம் பயின்று 1769இல் திரும்பினார். முயற்சி உள்ள எவரும் ஓவியம் கற்கலாம் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கொண்டிருந்த நம்பிக்கை. தம் குடும்பத்தினரை அவர் ஓவியர்களாக்கியதும் அந்த நம்பிக்கையால்தான். அண்ணனின் படங்களுக்குச் சட்டம் செய்து கொடுத்துக்கொண்டிருந்த தச்சரான தம்பி ஜேம்ஸ், அண்ணனிடமே கற்று ஓவியரானார். இப்படிக் கற்றுக் கொடுத்து வளர்த்த ஒன்றைப் பிறவிக்கொடை என்று எழுதினால், அந்த வீட்டில் நடந்த உழைப்பு முழுவதும் மறைந்துவிடும்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஆளை எடைபோடுவது. சார்லஸ் தம் பிள்ளைகளுக்கு ராஃபேல், ரெம்ப்ராண்ட், டிஷியன், ரூபன்ஸ் என்று ஐரோப்பிய ஓவிய மேதைகளின் பெயர்களைச் சூட்டினார். மகள்களுக்கும் பெண் ஓவியர்களின் பெயர்களைத் தேடி வைத்தார். இவர்களில் உருவப்படத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு நெடுங்காலம் நிலைத்தவர் ரெம்ப்ராண்ட் ஒருவர்தான். ராஃபேலும் சிற்றோவிய உருவப்படங்கள் வரைந்தார் என்றாலும், இன்று அவர் மதிக்கப்படுவது பழங்களையும் பாத்திரங்களையும் மேசைமேல் வைத்து வரைந்த படங்களுக்காக. பார்வைக் குறைவுடைய ரூபன்ஸ் குடும்பத்தின் அருங்காட்சியகத்தை நடத்துபவராகவே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்தார். டிஷியன் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தப் பெயரில் இரண்டு மகன்கள் இருந்தார்கள். மூத்த டிஷியன் 1798இல் இறந்தபின், மறு ஆண்டு பிறந்த குழந்தைக்கும் அதே பெயரை வைத்தார்கள். 1838 முதல் 1842 வரை அமெரிக்க அரசின் கடற்பயண ஆய்வுக் குழுவில் சென்ற இயற்கையியலாளர் இந்த இளையவர். பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற படிக்கட்டுப் படத்தில், மேல்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் பையன் மூத்தவர். அந்தப் படம் 1795ஆம் ஆண்டைச் சேர்ந்தது; இளையவர் அப்போது பிறக்கவே இல்லை.

அந்தப் படிக்கட்டுப் படத்தைத் திரையில் மட்டும் பார்த்துவிட்டு எழுதுவதும் தவறுதான். இரண்டே கால் மீட்டர் உயரமுள்ள அந்தக் கித்தானை உண்மையான கதவுச் சட்டத்துக்குள் பொருத்தி, அடியில் உண்மையான மரப்படி ஒன்றையும் வைத்திருந்தார் சார்லஸ். வண்ணப் படிகள் மரப்படியிலிருந்து தொடர்ந்து மேலே போவதுபோலத் தோன்றும். கதவையும் படியையும் நீக்கிவிட்டு வெறும் படத்தை மட்டும் வெளியிட்டால், அதன் வேலை பாதி போய்விடுகிறது. அந்தப் படத்திலிருந்த ராஃபேல், மூத்த டிஷியன் இருவரையும் உண்மை ஆட்கள் என்று எண்ணி ஜார்ஜ் வாஷிங்டன் தலைவணங்கினார் என்ற கதையைப் பலரும் நடந்த செய்தியாகவே எழுதுகிறார்கள். அது பிற்காலத்தில் ரெம்ப்ராண்ட் சொல்லி நமக்கு வந்தது. வீட்டார் சொன்னது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

வாஷிங்டன் படங்களில்தான் கைகளைக் குழப்பிக்கொள்ளும் தவறு அதிகம் நேர்கிறது. வாஷிங்டன் சார்லஸுக்கு ஏழு முறை நேரில் அமர்ந்தார். முதன்முறை 1772இல், அவர் வர்ஜீனியாப் படையின் பழைய கர்னல் உடையில் இருந்தபோது. அமெரிக்க விடுதலைப் போரில் நடந்த பிரின்ஸ்டன் சண்டையை ஒட்டி 1779இல் சார்லஸ் வரைந்த முழு உருவப்படம் பெரும் வரவேற்பைப் பெற்றதால், அவரே அதற்குப் பல பிரதிகள் வரைந்தார். அவருடைய தங்கை மகன் சார்லஸ் பீல் போல்க் மாமனின் வாஷிங்டன் படங்களைப் பார்த்துத் தாமும் பல பிரதிகள் வரைந்து விற்றார். 1795இல் பதினேழு வயது ரெம்ப்ராண்டுக்காக வாஷிங்டன் அமர்ந்தபோது, பையன் பதறிவிடக் கூடாது என்று தந்தையும் பக்கத்திலேயே தம் ஓவியத் தாங்கியை நிறுத்தி வரைந்தார். பின்னர் சித்தப்பா ஜேம்ஸும் அண்ணன் ராஃபேலும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே முகம், ஒரே அறை, வேறு வேறு கோணம், வேறு வேறு கை. இதோடு நிற்கவில்லை. வாஷிங்டன் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1824இல், கல்லில் வெட்டிய வட்டச் சாளரத்துக்குள் அவர் முகம் தெரிவதுபோல ரெம்ப்ராண்ட் ஒரு படம் வரைந்தார். 1832இல் அரசு வாங்கிய அது இன்று செனட்டில் உள்ளது. அதற்கும் எழுபதுக்கு மேற்பட்ட பிரதிகளை அவரே வரைந்தார். ஆகவே 'பீல் வரைந்த வாஷிங்டன்' என்ற சொற்றொடரில் தகவல் என்று ஏதும் இல்லை. எந்தப் பீல், எந்த ஆண்டு, நேரில் பார்த்து வரைந்ததா, பிரதியா என்ற நான்கையும் சொன்னால்தான் அது ஒரு குறிப்பாகும்.

கையொப்பமும் ஏமாற்றக்கூடும். 1780களின் நடுவில் சார்லஸும் தம்பி ஜேம்ஸும் வேலையைப் பிரித்துக்கொண்டபோது, யானைத் தந்தச் சில்லில் நீர்வண்ணத்தால் வரையும் சிற்றோவியங்கள் ஜேம்ஸின் பங்காயின. உள்ளங்கையில் அடங்கும் இவற்றின் ஓரத்தில் மயிரிழை எழுத்தில் 'ஐ.பி.' என்று இருக்கும். பழைய வழக்கப்படி 'ஜே' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஐ' எழுதியிருக்கிறார் என்று தெரியாதவர்கள், இல்லாத ஓர் ஓவியரைத் தேடிப் போவார்கள்.

இனி நான் மிகவும் பொருட்படுத்தும் தவறு. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று மட்டும் இந்த வரலாற்றைச் சொல்வது. ஜேம்ஸின் மகள்கள் ஆன்னா கிளேபூல், மார்கரெட்டா ஆஞ்செலிகா, சாரா மிரியம் மூவரும் ஓவியர்கள். ஆன்னாவும் சாராவும் 1824இல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்கள். சாரா திருமணம் செய்துகொள்ளாமல், பால்டிமோரில் ஏறத்தாழ 20 ஆண்டுகளும் செயிண்ட் லூயிஸில் ஏறத்தாழ 30 ஆண்டுகளும் உருவப்படம் வரைந்தே வாழ்ந்தார். அரசியல் தலைவர்கள் அவர் முன் அமர்ந்தார்கள். ஆன்னா இருமுறை மணம் புரிந்ததால் ஸ்டாட்டன், டங்கன் என்ற பெயர்களிலும் ஆவணங்களில் வருகிறார். மூன்றும் ஒருவரே என்று அறியாமல் பட்டியல் போட்டால் ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பு மூன்றாகச் சிதறிவிடும். தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு கண்ணி உண்டு. ஆங்கில நூல்களில் உறவைக் குறிக்க ஒரே சொல் வருவதால், சார்லஸை இந்தப் பெண்களின் 'மாமா' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் அவர்களுக்குப் பெரியப்பா, போல்க்குக்குத்தான் தாய்மாமன். யார் யாரிடம் கற்றார் என்பதே செய்தியாக இருக்கும் இடத்தில் முறை மாறினால் செய்தியே மாறிவிடும்.

கலை கீழ்நோக்கி மட்டுமே பாய்ந்தது என்று எண்ணுவதும் பொருந்தாது. ரூபன்ஸ் தம் 71ஆம் வயதில் ஓவியத்தைத் தீவிரமாகத் தொடங்கியபோது அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் மகள் மேரி ஜேன். மேரி ஜேன் தம் பெரியப்பா ரெம்ப்ராண்டிடம் பயின்றவர்.

குடும்பத்துக்கு வெளியே என்று ஒதுக்கப்படும் ஒருவரும் இருக்கிறார். பீல் வீட்டில் அடிமையாக வளர்ந்து 1802இல் விடுதலை பெற்ற மோசஸ் வில்லியம்ஸ், அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் பக்கவாட்டு முகத்தைக் கருவியால் தாளில் பதித்து, கத்தரியால் வெட்டி நிழலுருவாக்கித் தந்தார். அப்படி ஆயிரக்கணக்கான முகங்கள் அவர் கையால் வெட்டப்பட்டன. அவற்றில் 'மியூசியம்' என்ற முத்திரைதான் உண்டு, அவர் பெயர் இல்லை. அதனால் நெடுங்காலம் அந்த வேலை பீல்களின் கணக்கிலேயே சேர்ந்துவந்தது. இன்று எழுதுபவர்கள் அந்தக் கணக்கைத் தொடர்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஒரு படத்துக்கு ஒரே ஆண்டுதான் இருக்கும் என்று கொள்வதையும் விட வேண்டும். நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உள்ள குடும்பப் படத்தை சார்லஸ் 1773ஐ ஒட்டித் தொடங்கி 1809இல்தான் முடித்தார். அதில் தம்பி செயிண்ட் ஜார்ஜ் வரைந்துகொண்டிருக்க, சார்லஸ் குனிந்து அதைப் பார்க்கிறார். முடிக்கும்போது அந்தத் தம்பியும், தாயும், மனைவி ரேச்சலும் உயிரோடு இல்லை. முன்னால் படுத்திருக்கும் நாய் முடிக்கும் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே, மேசையைச் சுற்றி எல்லாரும் ஒருநாள் அமர்ந்திருந்த காட்சியாக அதை விவரிக்கக் கூடாது.

இவ்வளவையும் மனத்தில் வைத்து, டெட்ராய்ட் கலை நிறுவனத்தில் இருக்கும் 1822ஆம் ஆண்டுப் படம் ஒன்றைப் பாருங்கள். இருட்டில் ஒரு விளக்கு. அதன் ஒளியில் முதியவர் ஒருவர் கையில் சிறிய படமொன்றைப் பிடித்து உற்றுப் பார்க்கிறார். ஒளி அவர் நெற்றியிலும் வெண்முடியிலும் விழுகிறது. இதை 'விளக்கொளியில் ஒரு முதியவர், பீல் வரைந்தது' என்று குறித்து வைக்கலாம். பார்த்துக்கொண்டிருப்பவர், தந்தச் சில்லின் மேல் வாழ்நாளெல்லாம் குனிந்திருந்து கண் தளர்ந்துபோன ஜேம்ஸ். அவரை வரைந்தவர் எண்பதைத் தாண்டிய அண்ணன் சார்லஸ். ஜேம்ஸின் கையில் இருக்கும் சிற்றோவியத்தை வரைந்தவர் அவருடைய மகள் ஆன்னா. அந்தச் சிற்றோவியத்தில் இருக்கும் முகம் ரெம்ப்ராண்டின் மகள் ரோசல்பா, ஜேம்ஸுக்குப் பேத்தி முறை.