வேலைக்குப் போகிற வீட்டுக்கு எந்த நாய்? வன்னியில் தெரிவு செய்யும் முறை

கணவன், மனைவி இரண்டு பேருக்கும் வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன். வளவுக்குக் காவலாக ஒரு நாய் வேணும், ஆனால் மினக்கெட நேரமில்லை. கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த பாதி வீடுகளின் கதை இதுதான். எங்கள் வீடும் அப்படித்தான். எங்களுக்குச் சரிவந்த முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: ஒன்றரை, இரண்டு வயதுள்ள, கட்டை மயிர் கொண்ட ஊர் நாய். காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை.

படி 1: வீடு பூட்டியிருக்கும் நேரம்

காலை ஏழரைக்கு வெளிக்கிட்டு, இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் திரும்பிவிடுவீர்களா? வளர்ந்த நாய் அதைத் தாங்கும். இருட்டும்வரை ஒருவரும் வரமாட்டார்கள், தண்ணீர் ஊற்ற அயலிலும் ஆளில்லை என்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம். வயல் செய்கிற வீடுகள் விதைப்பு, அறுவடை நாட்களையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 2: குட்டி வேண்டாம்

பிள்ளைகள் குட்டிதான் கேட்பார்கள். குட்டிக்கு நாளைக்கு மூன்று நாலு தரம் சாப்பாடு வைக்கவேணும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகளை 6 – 8 கிழமையில் தொடங்கி, 3 – 4 கிழமைக்கு ஒருதரம், 16 கிழமை வரை போடவேணும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்துகொண்டு ஒவ்வொரு ஊசிக்கும் மிருக வைத்தியரிடம் போய்வந்தால் லீவு எல்லாம் அதிலேயே முடியும். ஊசி முடியமுன் பார்வோ பிடித்தால் குட்டி தப்புவது கஷ்டம். வளர்ந்த நாய் என்றால் அதன் உயரம், குணம், கோழியைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

படி 3: இனம்

சடை நாய் பார்க்க வடிவு. ஆனால் வன்னி வெயிலில் அந்த மயிரோடு அது படுகிற பாடு பெரிது. மயிருக்குள் உண்ணி தேடுவதற்கே உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அல்சேஷனுக்கும் இதுதான். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை இங்கே வளர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும், அந்த மூக்கு அதற்கு இடம் கொடுக்காது. லாப்ரடோர் நல்ல குணம், டொபர்மனுக்குக் கட்டை மயிர். ஆனால் இரண்டுக்கும் தினமும் நல்ல ஓட்டமும் ஆள் துணையும் வேணும், அந்த நேரம் உங்களிடம் இல்லை.

ஊர் நாய் மாமர நிழலில் கிடங்கு கிண்டிப் படுத்துக்கொள்ளும். சோறும் மீனும் போதும்.

படி 4: நேரில் போய்ப் பார்ப்பது

எங்களுக்கு அதிக நாள் எடுத்தது இந்தப் படிதான், எல்லாரும் அவசரப்படுவதும் இதில்தான். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள், ஐந்தாறு நாய் வைத்துச் சமாளிக்க முடியாதவர்கள் சந்தோசமாகத் தருவார்கள். "கடிக்குமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் வாங்காதீர்கள்.

தனிமையைத் தாங்குமா என்பதுதான் முக்கியம். வீட்டுக்காரரைப் படலையைச் சாத்திவிட்டு வெளியே போகச் சொல்லுங்கள். நீங்களும் வேலிக்கு வெளிப்பக்கம், நாய்க்குத் தெரியாமல் அரை மணித்தியாலம் நில்லுங்கள். பரந்தன் பக்கம் நாங்கள் பார்த்த பெட்டை நாய், வீட்டுக்கார ஐயா சைக்கிளில் போனதும் படலை வரை வந்தது. ரயர் போன தடத்தை மணந்தது. இரண்டு தரம் முனகிவிட்டு மரத்தடியில் சுருண்டு படுத்தது. எங்களுக்கு வேண்டியது அதுதான். அதற்கு முதல் பார்த்த கடுவன் வேலியடியைக் கிண்டியபடியே இருந்தது, ஊளையும் நிற்கவில்லை. நல்ல நாய்தான், ஆனால் எந்நேரமும் ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் சரி.

பிறகு காது, கால், வால் என்று மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உடம்பு விறைத்து, கண்வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எடுக்காதீர்கள். கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்குப் பக்கத்தாலும் ஒருக்கால் நடத்துங்கள்.

கடைசியாக உண்ணி. காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழே பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) விரலால் அழுத்திவிடுங்கள். வெளுத்த இடம் 2 செக்கனுக்குள் மீண்டும் சிவக்கவேணும். முரசு முழுக்க வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தம் சோதிக்காமல் கொண்டுவராதீர்கள்.

*சேர்த்தது:* "எங்கள் நாயின் முரசு கறுப்பு, ஒன்றும் தெரியவில்லை" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஊர் நாய்களில் அது வழமை. கீழ் இமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள், நல்ல இளஞ்சிவப்பாக இருக்கவேணும்.

படி 5: ஊசியும் ஒப்பரேசனும்

விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம் கட்டாயம். அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. நாள், இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டை என்றால் கருத்தடையைப் பிற்போடாதீர்கள். கர்ப்பம் ஏறத்தாழ 63 நாள்தான், பிறகு குட்டிகளுக்கு வீடு தேடி அலைவீர்கள்.

படி 6: வீட்டுக்கு வந்தபின்

முதல் இரண்டு கிழமை வீட்டுக்காரர் யாராவது முறைவைத்து லீவு எடுங்கள். முடியாவிட்டால் பள்ளி விடுமுறையில் கொண்டுவாருங்கள். குட்டைச் சங்கிலி எனக்குப் பிடிக்காது, கட்டிக் கிடக்கிற நாய் சினம்பிடிக்கும். வேலி அடைக்கும்வரை இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, வளையத்தில் கயிற்றைக் கொழுவிவிடுங்கள், அங்குமிங்கும் நடக்கும். தகரக் கொட்டில் மத்தியானம் கொதிக்கும், கிடுகுதான் நல்லது.

குழம்பு ஊற்றிய மிச்சச் சோற்றைப் போடாதீர்கள். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், அது சிம்பாகி உள்ளே குத்தும்.

உண்ணிக்கு நாயை மட்டும் கழுவிப் பயனில்லை. நாயில் இருப்பது கொஞ்சம், மிச்சம் சுவர் வெடிப்பிலும் கொட்டில் மூலையிலும் இருக்கும். வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள், படுக்கிற சாக்கை அடிக்கடி மாற்றுங்கள். மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் பூசவே கூடாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையும் மிருக வைத்தியரிடம் கேளாமல் தொடவேண்டாம். விலை கூடினாலும் பல கிழமைக்கு வேலை செய்யும் மாத்திரையைத்தான் நான் சொல்வேன், நேரமில்லாத வீட்டுக்கு அதுதான் தோது.

*மேலும் சேர்த்தது:* காட்டுக்கரையில் இருக்கிறவர்கள் யானையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரவில் நாயை வளவுக்கு வெளியே விடாதீர்கள். யானையைக் குரைத்துக் கலைக்கப்போய், பயந்து திரும்பி ஓடிவரும்போது யானையை உங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்துவிடும். அறுவடை நேரம் கண்ணாடி விரியன் கவனம். கடிபட்ட நாயை நடக்கவிடாமல் தூக்கி வாகனத்தில் ஏற்றுங்கள், கடிவாயைக் கீறாதீர்கள், விசமுறிவு மருந்து இருக்கிறதா என்று மிருக வைத்தியருக்குப் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே வெளிக்கிடுங்கள்.