403இல் 158 போனால் 355: அடைவுத் தேர்வு முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது

ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் நாலில் வேலை பார்த்திருக்கிறேன்; சேடப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம்தான் அதிக காலம். ஒன்றியத்தின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்துக்குப் புதிதாக வரும் இளம் பயிற்றுநர்கள் ஃபோனில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், அடைவுத் தேர்வு ரிசல்ட் வந்திருச்சு. நம்ம ஒன்றியம் பின்னாடி இருக்குன்னு மீட்டிங்ல சத்தம் போடுறாங்க. இந்த எக்செல் ஷீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன். அடைவுத் தேர்வு என்றால், பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அரசு அளந்து பார்க்கும் தேர்வு.

என்ன செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், அதை நானே செய்திருப்பதால். பல வருஷம் முன்பு ஒரு தலைமை ஆசிரியர் கூட்டத்தில் பள்ளிகளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, கடைசிப் பத்துக்குச் சிவப்பு அடித்துத் திரையில் போட்டேன். பெரிய வேலை செய்துவிட்ட நினைப்பு எனக்கு. கடைசியில் இருந்த பள்ளியின் தலைமை ஆசிரியர் எழுந்தார். "மேடம், எங்க அஞ்சாப்புல மொத்தமே ஆறு பிள்ளைங்க. அதுல ரெண்டு பேரு செங்கல் சூளையில இருந்து பரீட்சைக்கு முந்தின வாரந்தான் திரும்பி வந்துச்சுக. நீங்க யாரைச் சிவப்புல போட்டிருக்கீங்க?" கூட்டம் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக்கூட அந்த ஊரில் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் சொன்னதில் கணக்கும் இருந்தது. ஆறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது கிட்டத்தட்ட 17 சதவீதம். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளி பாதாளத்துக்குப் போகும். கெட்டிக்காரி ஒருத்தி பக்கத்து ஊரில் இருந்து வந்து சேர்ந்தால் மாவட்ட முதலிடம். எந்தத் தரவரிசையை எடுத்தாலும் மேலேயும் கீழேயும் சின்னப் பள்ளிகளே நிற்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த வருஷம் கீழே இருந்தது தானாகவே கொஞ்சம் மேலே வரும். நாம் திட்டியதால் வந்தது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் இருபது பிள்ளைகளுக்குக் குறைவான வகுப்பை தனியாக எடை போடாதீர்கள். குறுவள மைய அளவில், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் இரண்டு மூன்று வருஷத்தையும் சேர்த்து.

எந்தத் தேர்வின் தாள் கையில் இருக்கிறது?

இதில் குழப்பிக்கொள்ளாதவரை நான் பார்த்தது குறைவு. நாஸ் என்கிற தேசிய அடைவுத் தேர்வு 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு நடந்தது. அதன் இடத்தில் வந்த பரக் கணக்கெடுப்பு 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. இரண்டுமே சில பள்ளிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்து, மாவட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்பவை. உங்கள் பள்ளி எங்கே நிற்கிறது என்று அவற்றிடம் கேட்கக் கூடாது. 2021இல் அஞ்சாம் வகுப்பு, 2024இல் ஆறாம் வகுப்பு; இதை எடுத்து "ஏறியிருக்கிறோம், இறங்கியிருக்கிறோம்" என்று கோடு போடுவதும் கூடாது. வகுப்பும் வேறு, மதிப்பெண் சொல்லும் விதமும் வேறு. மாநிலத் திட்டக் குழு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நடத்திய ஸ்லாஸ் என்கிற மாநில அடைவுத் தேர்வு நமக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. வேலை அதில் இருந்துதான் தொடங்கும்.

தாளைத் திறந்ததும் சதவீதத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், ஒன்றுமே தெரியாத பிள்ளை இங்கி பிங்கி பாங்கி போட்டாலும் நாலில் ஒரு தடவை சரியாகும். ஒரு கேள்விக்கு 40 சதவீதம் பேர் சரி என்று வந்தால், நிஜத்தில் நூறில் 20 பேருக்குத்தான் தெரிந்திருக்கும். மீதி 80 பேரில் கால்வாசி, அதாவது இன்னொரு 20 பேருக்கு, குருட்டாம்போக்கில் விழுந்திருக்கும். 25க்கு அருகில் இருந்தால் அந்தப் பாடம் யாருக்குமே போய்ச் சேரவில்லை. 25க்கும் கீழே போனால் உஷாராகுங்கள். அது தெரியாமை இல்லை. பிள்ளைகள் ஏதோ ஒன்றைத் தப்பாக, ஆனால் உறுதியாகக் கற்றிருக்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

தப்பான விடையை எண்ணுங்கள்

என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கூட்டுத்தொகை உதைத்தால் கூட்டுத்தொகையையே முறைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஒவ்வொரு வரியாகப் பென்சில் புள்ளி வைத்துக்கொண்டு போவார். இங்கேயும் அதே வேலைதான்.

அஞ்சாம் வகுப்புக்கு இப்படி ஒரு கேள்வி என்று வையுங்கள்: 403 − 158. சரியான விடை 245. மற்ற மூன்றும் 355, 255, 345. நன்றாகத் தயாரித்த வினாத்தாளில் தப்பான விடைகள் சும்மா போட்ட எண்களாக இருக்காது. 355 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தலே தெரியாது; ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணில் இருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. எட்டில் மூன்று போக அஞ்சு, அஞ்சில் சைபர் போக அஞ்சு, நாலில் ஒன்று போக மூன்று. 255 எழுதிய பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது, ஆனால் பத்தாம் இடத்தில் இருந்து எடுத்ததைக் குறைக்க மறந்துவிட்டது. 345 எழுதியது நூறாம் இடத்தில் அதே மறதியைச் செய்திருக்கிறது. மூன்றும் தப்பு, மூன்றுக்கும் பூஜ்யம். ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் நாளைக் காலையில் நடத்த வேண்டிய பாடம் ஒன்று இல்லை.

ஆகவே எக்செல் ஷீட்டில் 'சரி எத்தனை' என்ற ஒரே பத்திக்குப் பதிலாக அ, ஆ, இ, ஈ என்று நாலு பத்தி போடுங்கள். தப்பு நாலாபுறமும் சிதறிக் கிடந்தால் பிள்ளைகள் ஊகித்திருக்கிறார்கள். ஒரே விடையில் குவிந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, சில நேரம் ஒரு ஆசிரியரும் இருக்கிறார். சின்ன வகுப்பில் "பெருசுல இருந்து சிறுசைக் கழி" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்ததை நானே காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் நல்ல ஆசிரியர்தான். இரண்டாம் வகுப்புக்கு அது போதும். அஞ்சாம் வகுப்பில் அது முள்ளாகக் குத்துகிறது.

சில நேரம் கைக்கு வருவது கற்றல் விளைவு (அந்த வகுப்பில் பிள்ளை கற்றிருக்க வேண்டிய திறன்) வாரியான சதவீதம் மட்டும்தான். எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்பது வராது. அப்போது உட்கார்ந்து புலம்ப வேண்டாம். பலவீனமாகத் தெரிகிற இரண்டு கற்றல் விளைவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அஞ்சு கேள்வி வீதம் பத்துக் கேள்வித் தாள் ஒன்றை நீங்களே தயார் செய்யுங்கள். விடைக் கட்டம் வேண்டாம், பிள்ளைகள் கைப்பட எழுதட்டும். தலையைச் சொறிந்த இடம், அடித்துத் திருத்திய இடம் எல்லாம் தாளிலேயே இருக்கும்.

ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதே கேள்விகளுக்கு அதே தப்பு விடையை எழுதியிருந்தால், கரும்பலகையிலோ காதிலோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தரவை எடுத்து ஓரமாக வையுங்கள். மிரட்டப் போகாதீர்கள், ஏனென்றால் மிரட்டலில்தான் அது பிறக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் மதிப்பெண்ணைக் காட்டி மேலே இருந்து நெருக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைகளை அழித்துத் திருத்தியது தெரிய வந்தது. 2011இல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சிக்கினார்கள். நம்மூரில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளையிடம் "நாளைக்கு நீ வீட்டுல இரு" என்று சொன்னாலே போதும். அதனால் தேர்வு நாளின் வருகையை எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் எடுத்து, அதற்கு முந்தின வார வருகையோடு ஒப்பிடுங்கள். ஒரு வரி வேலை. சொல்லும் கதை பெரிது.

பிறகு, சிலேட்டை எடுத்துக்கொண்டு போங்கள்

எக்செல் ஷீட் உங்களை ஒரு ஊர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும். மீதி வழியை நீங்கள்தான் நடக்க வேண்டும். 355 எழுதிய பிள்ளைகளில் அஞ்சாறு பேரை மர நிழலில் உட்கார வைத்து, ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். "எப்படிப் போட்ட, சத்தமாச் சொல்லிக்கிட்டே போடு" என்று மட்டும் கேளுங்கள். திருத்தாதீர்கள். வாயை மூடிக்கொண்டிருப்பது ஆசிரியர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கணக்கு வராத பிள்ளைக்கு நிஜமாகவே கணக்குதான் வரவில்லையா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். வாக்கியக் கணக்கை அது தானாகப் படித்துச் செய்யட்டும். தப்பாகச் செய்தால், அதே மாதிரி இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இப்போது சரியாகச் செய்தால் பிரச்சினை தமிழ் வாசிப்பில் இருக்கிறது. 'ம-ர-த்-தி-ல்' என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மரம் மறந்துபோகும் பிள்ளைக்கு நீங்கள் கழித்தல் நடத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு ஒன்றியத்தில் சூழ்நிலையியல் மதிப்பெண் ஏன் குறைகிறது என்று இரண்டு பயிற்சி நடத்தினோம். பிறகு இப்படி உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கேள்வி மூன்று வரிக்கு மேல் போனாலே பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்று.

தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்ற நிலையைப் பொறுத்துக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் மலர், தேர்வில் 355 என்றால் இரண்டில் ஒன்று பொய். எது என்று சிலேட்டு சொல்லும்.

பிள்ளை போன இடத்துக்குத் தாளும் போக வேண்டும்

எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சலான விஷயம் இது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை பிப்ரவரியில் தேர்வு எழுதுகிறது. முடிவு வந்து, கூட்டம் போட்டு, பயிற்சிக்கு ஆள் கூப்பிடுவதற்குள் ஜூன் வந்துவிடும். பிள்ளை வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பழைய பள்ளியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு புது அஞ்சாம் வகுப்புக்கு நடத்துவார்கள். புதுப் பள்ளியிலோ அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. உசிலம்பட்டிப் பக்கம் இது இன்னும் சிக்கல். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒரு நிர்வாகம், கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனி நிர்வாகம் என்றே காலம் ஓடியது. பிள்ளைகள் தெருவைக் கடந்து அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்கள், காகிதம் மட்டும் கடக்காது.

இதற்கு ஆணை, சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. ஒரு பக்கத் தாள் போதும்: பிள்ளையின் பெயர், வாசிப்பு எந்த அளவு, கழித்தலில் எந்த மாதிரித் தப்பு, எந்த மாதங்களில் ஊரில் இருக்காது. ஜூன் முதல் வாரத்தில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தாலே கைமாற்றிவிடலாம். நான் அப்படித்தான் கைமாற்ற வைத்தேன். இப்போது 6 முதல் 9ஆம் வகுப்பு வரை திறன் திட்டத்தில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து நடத்துவதால், அந்த ஒற்றைத் தாளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

ஒன்றியத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு

இருபது கற்றல் விளைவுகளில் பலவீனம் என்று வந்தால் இருபதுக்கும் திட்டம் போடச் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வாருங்கள். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒன்றியம் முழுக்க ஒன்றை மட்டும் எடுங்கள், மிஞ்சினால் வாசிப்பில் இன்னொன்று. குறுவள மையக் கூட்டத்தில் தரவரிசையைக் காட்டாமல், பிள்ளைகள் எழுதிய தாளைப் பெயரை மறைத்துக் காட்டுங்கள். "இந்தப் பிள்ளை என்ன நினைச்சு இதை எழுதியிருக்கும்?" என்று கேட்டால் தூங்குகிற ஆசிரியர்கூட எழுந்து உட்காருவார். பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சதவீதம் பேசாதீர்கள். உங்கள் பிள்ளை கடையில் நூறு ரூபாய் கொடுத்து மீதி எண்ணி வாங்குகிறதா என்று கேளுங்கள்.

கழித்தலுக்கு நாங்கள் செய்தது சில்லறை மாற்றுதல்தான். அட்டையில் நூறு, பத்து, ஒரு ரூபாய் வெட்டிக் கொடுத்தோம். 403 ரூபாய் வைத்திருக்கிறாய், 158 கொடு. பிள்ளையிடம் எட்டு ஒரு ரூபாய் இல்லை, மாற்றப் பத்து ரூபாயும் இல்லை. நூறு ரூபாயைப் பத்து பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒன்று ஒன்றாக மாற்றினால்தான் கடை நடக்கும்.

ஆறு வாரம் கழித்து அதே மாதிரி, வேறு எண்களில் இன்னொரு தாள் வைத்தோம். சரியான விடை சொற்பமாகத்தான் கூடியிருந்தது. மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டு இதுதானா?" என்று கேட்டார். நாலு பத்தி போட்ட தாளை அவர் முன்னால் விரித்தேன். 355 மாதிரித் தப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 255 மாதிரித் தப்பு உப்பியிருந்தது. பிள்ளைகள் கடன் வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், வாங்கியதைக் கணக்கில் குறைக்கத்தான் இன்னும் வரவில்லை. அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது, கையெழுத்துப் போட்டார். நாங்கள் அடுத்த நாலு வாரத்துக்கு அட்டை ரூபாயைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, எடுத்த எண்ணை அடித்து மேலே புது எண்ணை எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.